சனிக்கிழமையின் தொண்ணூறு நிமிடங்கள்

சாரணர் இயக்கத்தில் இருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முகாம்களைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். கூடாரம் அடித்தது, பாடித்தீயைச் சுற்றி உட்கார்ந்து பாடியது, இரவுக் காவல் நின்றது என்று கதை நீளும். எனக்கும் அந்த நினைவுகள் உண்டு. ஆனால் சாரண ஆசிரியனாக இருந்த காலத்தை நினைக்கும்போது என் மனம் போய் நிற்பது சாதாரணச் சனிக்கிழமை சாயங்காலங்களில்தான். நான்கு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிகிற வாரக் கூட்டம். முகாம் ஆண்டுக்கு ஒரு முறை வரும், போகும். ஒரு பையன் வளர்வது வாரக் கூட்டத்தில். இதை நான் முழு மனதோடு நம்புகிறேன். அந்த நம்பிக்கை எனக்கு எப்படி வந்தது என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில், தாமிரபரணிக்குப் பக்கத்தில் இருந்த ஓர் உதவிபெறும் பள்ளியில் எண்பதுகளில் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்தேன். அந்த வருடம் பழைய சாரண ஆசிரியர் ஓய்வு பெற்றிருந்தார். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, “சார், இருக்கிறதுல நீங்கதான் இளவட்டம். படையை நீங்க எடுத்துக்கிடுங்க” என்றார். ஒரு சாவியைக் கையில் கொடுத்தார். அது விளையாட்டு அறையின் மூலையில் இருந்த மரப்பெட்டியின் சாவி. உள்ளே கயிறுகள், ஒரு விசில், நடுவில் மஞ்சள் சின்னம் போட்ட கருநீலக் கொடி, சில ஸ்கார்ஃப்கள், அவர் கைப்பட எழுதிய குறிப்பேடுகள். பெட்டிக்குப் பின்னால் சுவரில் சாய்த்தபடி மூங்கில் கம்புகள்.

அதன் பின் அடிப்படைப் பயிற்சி முகாமுக்குப் போனேன். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் கழுத்தில் தோல் வாரில் கோத்த இரண்டு மரமணிகளை அணிந்திருந்த பெரியவர். இமாலயா வுட் பேட்ஜ் பெற்றவர்களுக்கு உரிய அடையாளம் அது. முடிச்சும் முதலுதவியும் அவர் கற்றுக்கொடுத்தார். ஆனால் எனக்கு ஆயுளுக்கும் உதவியது அவர் போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியம்: “சனிக்கிழமைக் கூட்டத்தைப் புதன்கிழமையே முடிச்சிருங்க.” முன்னாலேயே நினைத்து, எழுதி, ஆளுக்கு ஆள் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் சனிக்கிழமை அது நடந்தே தீரும் என்பது அவர் கருத்து.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல், ஒரு படையில் 32 பையன்களுக்கு மேல் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு பையனின் குணத்தையும் தனித்தனியாக அறிந்து வளர்க்கத் தன்னால் 16 பேருக்குத்தான் முடிந்தது என்றும், மற்றவர்கள் தன்னைப்போல் இரண்டு மடங்கு திறமைசாலிகள் என்று வைத்துக்கொண்டு 32 என்று சொல்வதாகவும் அவர் விளக்குகிறார். எங்கள் படையிலும் அந்த எண்ணிக்கையைத் தாண்டவிடவில்லை. அணிக்கு எட்டுப் பேராக நான்கு அணிகள்: புலி, யானை, மயில், பருந்து. சேர விரும்பி வரிசையில் நின்ற பையன்களைக் காத்திருக்கச் சொல்வது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் முப்பத்திரண்டு பேரின் வீடும் வாசலும், அவர்கள் சாப்பிட்டார்களா இல்லையா என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது என்றால் அந்த வரம்புதான் காரணம்.

திட்டமிடுவதற்கு ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தேன். வாரத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தில் நான்கு பத்தி: நேரம், என்ன, யார், என்ன சாமான். தொண்ணூறு நிமிடத்தையும் அதில் பிரித்துவிடுவோம். கொடியேற்றமும் பிரார்த்தனையும் 10 நிமிடம். ஆய்வு 10. அணி மூலை வேலை 15. விளையாட்டு 15. அன்றைய பயிற்சி 20. பாட்டு அல்லது சின்ன நாடகம் 10. சாரண ஆசிரியரின் கதை 5. கொடியிறக்கம், நாட்டுப்பண், கலைதல் 5. எந்த அங்கமும் இருபது நிமிடத்தைத் தாண்டக்கூடாது. உட்கார்ந்து செய்கிற வேலைக்கு அடுத்து ஓடுகிற வேலை வரவேண்டும். விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போதே விசில் ஊதி முடித்துவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த வாரமும் அதைக் கேட்பார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எங்கள் ஊரில் எப்போது சாரல் வீசும் என்று சொல்ல முடியாது. அதனால் பக்கத்தின் அடியில் ‘மழை வந்தால்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும்.

நான்கு பத்திகளில் முக்கியமானது மூன்றாவது. ‘யார்’ என்ற அந்தப் பத்தியில் என் பெயர் ஓரிரு இடத்துக்கு மேல் வந்தால் அந்தத் திட்டம் எனக்குத் திருப்தி தராது. கயிறுகளை எடுத்து வைப்பவன், விளையாட்டுக்கு நடுவராக நிற்பவன், பாட்டைத் தொடங்கிவைப்பவன், சின்னப் பையனுக்கு முடிச்சு சொல்லிக்கொடுப்பவன் என்று பையன்களின் பெயர்களால் அந்தப் பத்தி நிரம்ப வேண்டும்.

அதை நிரப்புவது அணித் தலைவர்களின் வேலை. புதன்கிழமை பள்ளி விட்டதும் ஆற்றங்கரை மருதமரத்தடியில் அவர்கள் நான்கு பேரும் கூடுவார்கள். இயக்கத்தில் இதற்குக் கோர்ட் ஆஃப் ஹானர் என்று பெயர். படைத் தலைவனாக இருக்கிற மூத்த மாணவன் தலைமை தாங்குவான். ஒருவன் குறிப்பெழுதுவான். சாரண ஆசிரியர் உட்கார்ந்திருக்கலாம், கேட்டால் ஆலோசனை சொல்லலாம், ஆனால் அவருக்கு ஓட்டு கிடையாது. அணியை அடிப்படையாக வைத்துப் பையன்களே பையன்களை நடத்தும் இந்த முறையை விரிவாக எழுதி வைத்தவர் ரோலண்ட் பிலிப்ஸ் என்ற இளைஞர். அவருடைய புத்தகம் 1914-இல் வந்தது. 1916 ஜூலையில் சோம் போர்க்களத்தில் அவர் இறந்தபோது வயது 26. அந்த வயதுக்குள் உலகத்துக்கு இவ்வளவு பயனுள்ள ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போன மனிதரைப் பற்றி ஒவ்வொரு புது அணித் தலைவனுக்கும் நான் சொல்லியிருக்கிறேன்.

தொடக்கத்தில் மருதமரத்தடியில் மௌனம்தான். “நீங்களே சொல்லுங்க சார்” என்பார்கள். வீட்டிலும் வகுப்பிலும் சொன்னதைக் கேட்டே பழகிய பிள்ளைகள். அதனால் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். புதன்கிழமைக்கு வரும்போது ஒவ்வோர் அணித் தலைவனும் தன் அணியிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டு வரவேண்டும்: போன வாரம் எது சலிப்பு, எதைத் திரும்பச் செய்ய ஆசை. பருந்து அணித் தலைவன்தான் முதலில் வாய் திறந்தான். “முடிச்சு போட்டுப் போட்டு எங்க பயலுவளுக்குச் சலிச்சுப் போச்சு சார். ஒரே இடத்துல உக்காந்து எவ்வளவு நேரம் போடுறது?” மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். “சரி, என்ன பண்ணலாம்?” என்று கேட்டேன். யானை அணித் தலைவன் யோசித்துச் சொன்னான்: “கெணத்துல விழுந்தவனத் தூக்குற மாதிரி வச்சா என்ன சார்?”

அந்தச் சனிக்கிழமையே அது விளையாட்டாகிவிட்டது. மண்ணில் சுண்ணாம்பால் ஒரு வட்டம், அதுதான் கிணறு. உள்ளே அணிக்கு ஒரு பையன். அவன் ஒரு கையால் சுவரைப் பிடித்திருப்பதாகக் கணக்கு. வெளியிலிருந்து கயிறு வீசுவார்கள். மற்றக் கையால் மட்டும் தன் இடுப்பைச் சுற்றி அவன் போலைன் முடிச்சுப் போட வேண்டும். போட்டதும் அணியினர் இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும். இழுக்கும்போது இறுகிக்கொண்டே போகிற முடிச்சு போட்டவனுக்குப் பூஜ்யம். போலைன் இறுகாது, அவிழாது. ஏன் அந்த முடிச்சுத்தான் வேண்டும் என்பதை நான் விளக்கவே தேவையிருக்கவில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு உள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு அது உயிர்காக்கும் முடிச்சு என்பது இடுப்பிலேயே தெரிந்துவிட்டது.

கூட்டம் தொடங்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். பணி அணி என்று வாரம் ஓர் அணி. அரை மணி முன்னதாக வந்து இடத்தைப் பெருக்கித் தண்ணீர்ப் பானையை நிரப்பிக் கொடியை மடித்துக் கம்பத்தில் ஏற்றி வைக்கும். இழுத்தால் விரிகிற மாதிரி மடிக்க வேண்டும். அது ஒரு கலை. நான்கு மணிக்கு விசில். அடுத்தடுத்துச் சிறு சிறு ஊதல்கள் கேட்டால் எல்லோரும் கூட வேண்டும். மூன்று சிறிது, ஒன்று நீளம் என்றால் அணித் தலைவர்கள் மட்டும். ஒரே நீள ஊதல் என்றால் அசையாமல் கவனிக்க வேண்டும். குதிரை லாட வடிவில் நிற்பார்கள். இந்திப் பிரார்த்தனைப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்திருந்தார்கள். தாமிரபரணிப் பேச்சின் ராகம் அதில் ஏறியிருக்கும். கேட்க இனிமையாக இருக்கும்.

ஆய்வில் நகம், பொத்தான், ஸ்கார்ஃபின் மடிப்பு, பையில் பென்சில், சிறு கயிறு எல்லாம் பார்க்கப்படும். பார்ப்பவன் அணித் தலைவன். எஃகுச் சாம்பல் நிறச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும் தைக்க எல்லா வீட்டிலும் வசதி கிடையாது. பெரிய பையன்களுக்குச் சிறிதாகிப் போன சீருடைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு மரப்பெட்டியில் சேர்த்து வைக்கும் ஏற்பாட்டைப் புலி அணிதான் ஆரம்பித்தது. உறுதிமொழி ஏற்கும் நாளில் புதுப் பையனுக்கு அவன் அளவில் சீருடை கிடைக்கும். எது புதிது, எது பழையது, யாருடையது என்று ஒருவரும் பேசக்கூடாது என்பது அவர்களே போட்டுக்கொண்ட விதி. சாரண விதிகள் ஒன்பது. என் பையன்கள் சேர்த்த பத்தாவது விதி அது என்று நினைத்துக்கொள்வேன்.

அணி மூலை வேலைக்குப் போகும்போது நான்கு அணியும் நான்கு திசைக்குப் பிரியும். அந்தப் பதினைந்து நிமிடம் நான் பேசுவதே இல்லை. சுற்றி நடப்பேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஆறாம் வகுப்புப் பையனின் விரலைப் பிடித்து க்ளோவ் ஹிட்ச் முடிச்சைச் சுற்றவைப்பதைப் பார்ப்பேன். “ஏல, அவசரப்படாதே. மொதச் சுத்த நல்லாப் பாத்துக்க” என்று அவன் சொல்லும் தொனியில், வீட்டில் அவனுக்கு யாராவது இப்படிப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்களா என்று யோசித்ததுண்டு. கற்றுக்கொடுப்பவன்தான் அதிகம் கற்றான். பிரவேஷ் தேர்விலிருந்து பிரதம சோபான், த்விதீய சோபான், த்ரிதீய சோபான் என்று படிப்படியாக ஏறி, ஆளுநர் கையொப்பமிடும் ராஜ்ய புரஸ்கார் வரைக்கும் எங்கள் பையன்கள் போனார்கள். அவர்களை ஏற்றிவிட்டது பெரும்பாலும் மூத்த பையன்களே.

விளையாட்டுகளில் எல்லோருக்கும் பிரியமானது கிம் விளையாட்டு. கிப்ளிங்கின் நாவலிலிருந்து பேடன் பவல் எடுத்துச் சாரணருக்குக் கொடுத்தது. ஒரு துணிக்கு அடியில் 24 பொருள்கள் இருக்கும். துணியை ஒரு நிமிடம் விலக்கி, பிறகு மூடிவிட வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும். எங்கள் துணிக்கு அடியில் புளியங்கொட்டை, சோழி, சைக்கிள் வால்வு டியூப், பனங்கொட்டை, லாந்தர் திரி, மாட்டுக் கழுத்து மணி, பஸ் டிக்கெட் என்று எங்கள் ஊர் முழுக்க இருக்கும். பிறகு மயில் அணி அதை மூக்குக்கு மாற்றியது. சின்னத் துணி முடிச்சுகளில் ஓமம், சுக்கு, கற்பூரம், காப்பித்தூள். கண்ணைக் கட்டிக்கொண்டு முகர்ந்து சொல்ல வேண்டும்.

தடம் பின்பற்றும் வாரங்களில் ஆற்றங்கரையே எங்கள் வகுப்பறை. அம்புக்குறி இட்டால் ‘இந்த வழி’. பெருக்கல் குறி இட்டால் ‘இது வழியில்லை’. வட்டத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் ‘நான் வீட்டுக்குப் போய்விட்டேன்’. 1941 ஜனவரி 8-ஆம் தேதி கென்யாவில் இறந்த பேடன் பவலின் கல்லறையிலும் அந்த வட்டமும் புள்ளியும்தான் செதுக்கியிருக்கிறது என்று சொன்னபோது, சின்னப் பையன்கள் மண்ணில் தாங்கள் போட்ட குறியை மறுபடியும் பார்த்தார்கள். அதன்பின் யாரும் அந்தக் குறியை அலட்சியமாகப் போடவில்லை.

கணக்கு ஆசிரியனான எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் ஆற்றின் அகலத்தை அளக்கும் பயிற்சி. எதிர்க்கரையில் ஒரு மரத்தைக் குறிவைத்துக்கொண்டு, அதற்கு நேர் எதிரே இந்தக் கரையில் ஒரு கம்பு நட வேண்டும். அங்கிருந்து கரையோரமாக இருபது எட்டு நடந்து இரண்டாவது கம்பு. அதே நேர்கோட்டில் இன்னும் இருபது எட்டு நடந்து நின்று, ஆற்றுக்கு முதுகு காட்டிச் செங்கோணமாக உள்ளே நடக்க வேண்டும். இரண்டாவது கம்பும் எதிர்க்கரை மரமும் ஒரே கோட்டில் தெரிகிற இடத்தில் நின்றுவிட வேண்டும். அப்படி உள்ளே நடந்த தூரம்தான் ஆற்றின் அகலம். சர்வசம முக்கோணத்தை வகுப்பில் எத்தனை தரம் சொல்லியும் பிடிபடாத பையன் ஒருவன், அன்றைக்கு மணலில் நின்று, “சார், இந்த முக்கோணமும் அந்த முக்கோணமும் ஒண்ணுதானே சார்!” என்று கத்தினான். கோடையில் தண்ணீர் வற்றிய பிறகு அதே இடத்தில் கயிறு கட்டி அளந்து பார்த்தார்கள். வித்தியாசம் மிகச் சிறிதுதான். அவன் முகத்தில் இருந்த பெருமையை இன்றும் மறக்க முடியவில்லை.

கடைசி ஐந்து நிமிடக் கதை என் பொறுப்பு. 1899-இல் தொடங்கி 217 நாள் நீடித்த மேஃபெகிங் முற்றுகையில் பையன்கள் செய்தி கொண்டு ஓடியதைச் சொல்வேன். 1907 ஆகஸ்டில் பிரவுன்சி தீவில், பணக்கார வீட்டுப் பிள்ளைகளையும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்து நான்கு அணிகளாக நடந்த முதல் முகாமைச் சொல்வேன். இந்தியப் பையன்களைச் சேர்த்துக்கொள்ள அப்போதிருந்த அமைப்பு தயங்கிய நாட்களில், அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் அவர்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கம் தொடங்கியதைச் சொல்வேன். வெவ்வேறாக இருந்த சங்கங்கள் இணைந்து 1950 நவம்பர் 7-இல் பாரத சாரணர் அமைப்பு உருவானதையும் சொல்வேன். தலைப்பாகையோடு நிற்கும் பழைய சாரணர்களின் புகைப்படம் ஒன்று பழைய ஆசிரியரின் குறிப்பேட்டுக்குள் இருந்தது. இந்தச் சீருடையைப் போட்டுக்கொள்ளும் உரிமையே ஒரு காலத்தில் கேட்டுப் பெற வேண்டியிருந்தது என்று அதைக் காட்டித்தான் புரியவைத்தேன்.

எங்கள் திட்டத்துக்கு விவசாயமும் ஒரு பஞ்சாங்கம். அங்கே கார், பிசானம் என்று இரண்டு போகம். நடவும் அறுப்பும் வந்தால் பாதிப் பையன்கள் வயலில் இருப்பார்கள். வராதவன் பெயரைக் கோடிட்டு அடிப்பதற்குப் பதில், அந்த வாரங்களை அணிகளின் கையில் விட்டுவிடலாம் என்று மருதமரத்தடியில் முடிவானது. வயல் இருக்கும் தெருவில் அந்த அணி தானே கூடும். அறுப்புக் காலத்தில் அரிவாள் வெட்டுக்குக் கட்டுப் போடுவது, பாம்பு கடித்தவரை அசையவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது போன்றவை அந்த வாரப் பாடங்கள். பழைய வேட்டியைச் சதுரமாகக் கிழித்துக் குறுக்கே வெட்டினால் இரண்டு முக்கோணக் கட்டுத் துணி கிடைக்கும். இரண்டு கம்பும் இரண்டு சாக்கும் இருந்தால் ஒரு ஸ்ட்ரெச்சர். களத்துமேட்டில் அவர்கள் பழகுவதைப் பெரியவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒரு வருடம் ஒரு தாய் என்னிடம் வந்து, “எம் மவன் முன்னெல்லாம் சொன்ன வேலையக்கூடச் செய்யமாட்டான் சார். இப்பம் சொல்லாமலே செய்தான்” என்றார். அன்றாடம் ஒரு நற்செயல் என்பது சாரணர் வழக்கம். செய்ததை வெளியே சொல்லக்கூடாது. அதனால் அவன் என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை.

பேசவே மாட்டாத ஒரு பையன் யானை அணியில் இருந்தான். பெயர் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்வான். அவனை என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் அணித் தலைவன், ‘யார்’ பத்தியில் அவன் பெயரை எழுதியிருந்தான். சாமான் பொறுப்பு. கயிறு எத்தனை, கம்பு எத்தனை, எது நைந்திருக்கிறது என்று கணக்கு வைக்க வேண்டும். வெளியே போகும் ஒவ்வொரு கயிற்றையும் அவனிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். முப்பது பையன்கள் வாரந்தோறும் அவனிடம் வந்து கேட்டார்கள். பதில் சொல்லியாக வேண்டும். சில மாதங்களில், “எட்டுக் கயிறு குடுத்தேன், ஏழுதான் வந்துருக்கு. யாருடே வச்சிருக்கது?” என்று மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி அவன் குரல் கொடுத்தான். நான் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு வேலை இருந்தது, அது உண்மையான வேலையாக இருந்தது. அவ்வளவுதான்.

இவையெல்லாம் சேர்ந்து எதற்கு வந்தன என்பதை ஓர் ஆடி அமாவாசையில் பார்த்தேன். பாபநாசம் படித்துறைக்கு அன்று சுற்றுவட்டார ஜனமெல்லாம் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வரும். மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற கூட்டமும் அந்த வழிதான். தண்ணீர் கொடுப்பது, முதியவர்களைக் கைப்பிடித்து இறக்குவது, தவறிய குழந்தைகளை ஓரிடத்தில் வைத்து ஆள் தேடுவது என்று எங்கள் படைக்கு வேலை. உதவிச் சாரண ஆசிரியரும் உடன் இருந்தார். முந்தின புதன்கிழமை போட்ட திட்டப்படி எல்லாம் நடந்துகொண்டிருந்தது. முற்பகலில் ஓர் ஆச்சி பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. மயில் அணிப் பையன்கள் ஒரு சாரணக் கையேட்டை மடித்து அணைவைத்துக் கட்டி, கையைத் தொட்டில் கட்டில் தொங்கவிட்டார்கள். நான் அவரை ஓர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது படித்துறை வேறு மாதிரி இருந்தது. கூட்டம் இன்னும் பெருகியிருந்தது, ஆனால் நெரிசல் இல்லை. படியின் நடுவே மூங்கில் கம்புகளை நிறுத்திக் குறுக்கே கம்பு வைத்துச் சதுரக் கட்டால் இறுக்கிக் கயிறு ஓட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் இறங்க, மறுபக்கம் ஏற. இறங்கும் பக்கம் கீழே தண்ணீர் ஆரம்பிக்கும் படியில் நல்ல நீச்சல் தெரிந்த மூத்த பையன்கள் கைகோத்து நின்றார்கள். மேலே பருந்து அணித் தலைவன், “ஆச்சி, இந்தப் பக்கமா வாங்க. தாத்தா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆச்சி விழுந்த இடத்தில் நெரிசல் ஏன் வந்தது என்று பார்த்திருக்கிறார்கள். ஏறுபவர்களும் இறங்குபவர்களும் ஒரே படியில் முட்டிக்கொண்டதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, படைத் தலைவன் மூன்று சிறிதும் ஒரு நீளமுமாக விசில் ஊதியிருக்கிறான். நான்கு பேரும் கூடினார்கள். உதவிச் சாரண ஆசிரியரிடம் சொல்லி, காவல் அதிகாரியிடம் போய் அனுமதி கேட்டு, கம்பு நட்டிருக்கிறார்கள்.

படைத் தலைவன் நோட்டை என்னிடம் நீட்டினான். அன்றைய பக்கத்தில் நாங்கள் போட்ட திட்டத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, புதிதாக நான்கு பத்தி போட்டிருந்தார்கள். நேரம், என்ன, யார், என்ன சாமான். அரை மணிக்கு ஒரு முறை தண்ணீருக்குள் நிற்பவர்களை மாற்ற வேண்டும் என்றுகூட எழுதியிருந்தது. சாமான் பத்தியில் கயிற்றின் எண்ணிக்கை, அந்தப் பேசாத பையனின் கையெழுத்தில். ‘யார்’ பத்தியில் என் பெயர் எங்கேயும் இல்லை. சாரண ஆசிரியனாக எனக்குக் கிடைத்த விருதுகளில் அதற்கு ஈடானது எதுவும் இல்லை.

அதன்பின் நான் ஓய்வு பெற்றேன். அந்தப் பையன்கள் இப்போது லாரி ஓட்டுகிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், ராணுவத்தில் இருக்கிறார்கள், பள்ளியில் பாடம் நடத்துகிறார்கள். 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைரவிழா ஜாம்போரி நடந்தபோது போயிருந்தேன். நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் வந்த பிள்ளைகளையும் வரிசை வரிசையாகக் கூடாரங்களையும் பார்த்து நெஞ்சு நிறைந்தது. இளம் சாரண ஆசிரியர்கள் சிலரோடு பேசினேன். எல்லோரிடமும் நான் கேட்டது ஒன்றுதான்: “வாரக் கூட்டம் தவறாம நடக்குதா?” நேரமில்லை, தேர்வு நெருக்கடி, சிறப்பு வகுப்பு என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் வாரத்துக்குத் தொண்ணூறு நிமிடம் கிடைக்காத பள்ளி எதுவும் இல்லை என்றே நான் நினைக்கிறேன். முகாமுக்குப் போவதற்கு மட்டும் சீருடை போடும் பையன் முடிச்சுகளைக் கற்றுக்கொள்வான். தான் இல்லாவிட்டால் இந்த வாரம் கூட்டம் குறைப்படும் என்ற உணர்வு அவனுக்கு வாராவாரம் வந்தால்தான் கிடைக்கும்.

புதிதாகப் படை எடுக்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு நோட்டு வாங்குங்கள். நான்கு பத்தி போடுங்கள். முதல் பத்தியை நீங்கள் நிரப்புங்கள், இரண்டாவதைப் பையன்களோடு சேர்ந்து நிரப்புங்கள், மூன்றாவதை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் முதலில் தயங்குவார்கள், உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அப்போது பேசாமல் காத்திருங்கள். பதிமூன்று வயதுப் பையனிடம் உண்மையான பொறுப்பை நம்பிக் கொடுக்கும் இடம் நம் ஊர்களில் மிகக் குறைவு. சாரணர் படை அப்படிப்பட்ட இடம். வாராவாரம் அதைத் திறந்து வைப்பதே சாரண ஆசிரியரின் வேலை.